பால்கனி பஸ்ஸின் கண்டக்டர்

கண்டக்டர் விசில் ஊதியதும் எதிர்க் கட்டிடத்துப் பால்கனிகளில் கைகள் எல்லாம் தலைக்கு மேலே போயின. டெய்லருக்கு வலது கை மட்டும் போனது, இடது கை கம்பியோரமாகத் தொங்கிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் அதைப் பார்க்காமல் இல்லை. நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, "என்ன டெய்லரே, ஒரு கைக்கு மட்டும் இன்னைக்கு லீவா?" என்று கேட்டார். இரண்டு கட்டிடமும் சிரித்தது.

மேலே சொல்வதற்கு முன்னால், இந்த விசில் எதற்கு, வயதான மனுஷர்கள் எதற்காகப் பால்கனியில் நின்று கையைத் தூக்கினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது ஏதோ கிறுக்கர்கள் குடியிருக்கிற இடம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கண்டக்டர் என்றால் நிஜமாகவே பஸ் கண்டக்டர். வாழ்க்கையில் பாதியை நின்றுகொண்டே கழித்தவர். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கம்பியையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவருக்கு, ஓய்வு பெற்று வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தலை சுற்ற ஆரம்பித்தது. குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பின் படிக்கட்டிலிருந்து ஓர் அதட்டல் போட்டால் டிரைவரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். மனைவி போன பிறகு மகளோடு வந்து இருந்தார். மூன்றாவது மாடி. நோய் வந்து ஊரை அடைத்தபோது மருமகன் வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

அதற்கு முன்பெல்லாம் இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே வண்டிகள் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிச் சுற்றி அங்கிருந்த வயதானவர்கள் காலையில் நடப்பார்கள். நடை என்பது பேருக்குத்தான். முக்கால்வாசி வம்பு. யாருக்கு எந்த மாத்திரையை மாற்றினார்கள், யார் வீட்டு மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், எந்தக் கடையில் அழுகின தக்காளியைத் தலையில் கட்டினார்கள் என்று ஊர்க்கதை அத்தனையும் அங்கே அலசப்படும். அந்த வம்புதான் அவர்களுக்கு டானிக். அதுவும் நின்றது. வயதானவர்கள் வெளியே வரவே கூடாது என்று டிவி சொன்னது, பிள்ளைகள் சொன்னார்கள், வாட்ச்மேனும் சொன்னார். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள், யார் இல்லை என்றது? ஆனால் கொஞ்ச நாளிலேயே ஆளாளுக்குச் சுருண்டு போனார்கள். எதிர்க் கட்டிடம் இரண்டாவது மாடியில் தனியாக இருந்த கணக்கு டீச்சர், ஓய்வு பெற்ற பிறகும் காலையில் புடவைக்குக் கஞ்சி போட்டுக் கட்டுகிறவர், பகலெல்லாம் நைட்டியோடு படுத்தே கிடந்தார். அவருக்குப் பக்கத்து வீட்டு டெய்லர், அவரும் தனி ஆள்தான், தையல் மெஷினோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று டீச்சரே போனில் சொன்னார்.

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் பழைய விசிலைத் தேடி எடுத்து, பால்கனிக்கு வந்து நின்று ஊதினார் பாருங்கள், மரத்திலிருந்த காக்காய் அத்தனையும் பறந்தன.

"எல்லாரும் பால்கனிக்கு வாங்க! வண்டி கிளம்பப் போகுது! அப்புறம் வண்டி போயிடுச்சுன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது!"

வந்தார்கள். என்னமோ ஏதோ என்று பதறித்தான் வந்தார்கள். வந்தவர்களை அவர் விடவில்லை. முதல் ஸ்டாப்பிங் கழுத்து என்றார், கழுத்தைத் திருப்பினார்கள். அடுத்தது தோள்பட்டை என்றார், தோளைச் சுழற்றினார்கள். முழங்கால் ஸ்டாப்பிங்கில் மட்டும் ஏகப்பட்ட முனகல். "இறங்க முடியாதவங்க நாற்காலியைப் பிடிச்சுக்கோங்க, வண்டி நின்னு நிதானமாத்தான் போகும்" என்பார். பிறகு வம்புக்கு நேரம் விட்டார். பால்கனிக்குப் பால்கனி கத்திப் பேசினால் அதென்ன வம்பு, பொதுக்கூட்டம்தான். ஆனாலும் பேசினார்கள். டீச்சர் மறுபடி புடவைக்குக் கஞ்சி போட்டார். டெய்லர் மிச்சத் துணியில் எல்லாருக்கும் மாஸ்க் தைத்து வாட்ச்மேன் கையில் கொடுத்து அனுப்பினார். கண்டக்டருக்குப் பூப்போட்ட துணி. வேண்டுமென்றே செய்தது.

கடைசியில் டிக்கெட் செக்கிங். டிக்கெட் என்றால் மாத்திரை. பிரஷர், சுகர், நெஞ்சு என்று அங்கே மாத்திரை போடாத ஆளே கிடையாது.

"டீச்சர், டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு!" டீச்சரின் குரல்தான் எப்போதும் முதலில் வரும். கணீரென்று வரும்.

மறந்தவர்கள் மாட்டினால் போச்சு. "வித்தவுட்!" என்று கண்டக்டர் விரலை நீட்டிக் கத்துவார். டிக்கெட் வாங்காமல் பஸ் ஏறுகிறவனுக்கு அந்தப் பெயர். அவர் வாயில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. உடனே எல்லாப் பால்கனிகளும் கையைத் தட்டி, "இறக்கி விடு, இறக்கி விடு!" என்று கூவும். ஆரம்பத்தில் ஒரு தடவை டெய்லர் அப்படி மாட்டினார். மெலிந்த உடம்பு, கூச்ச சுபாவம், சத்தமாகப் பேசவே மாட்டார். "மறந்துட்டேங்க" என்று அவர் சொன்னது பாதி பேருக்குக் கேட்கவில்லை. ஆனால் கண்டக்டர் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. டெய்லரும் சிரித்தார். அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

அதன் பிறகு ஒருவர்கூட மாட்டவில்லை. "நம்ம வண்டியில வித்தவுட்டே கிடையாதும்மா" என்று மகளிடம் பெருமை அடித்துக்கொள்வார். மூக்கில் இருக்கிற கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற ஆட்கள், மாத்திரையை மட்டும் ஒருநாளும் மறப்பதில்லை என்றால் அது எப்படி என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெருமை வந்துவிட்டால் மனுஷனுக்குக் கண் எங்கே தெரிகிறது?

இதற்குள் எதிர்க் கட்டிடத்தில் ஒரு வீட்டுக்கு நோய் வந்து, கட்டிடத்து வாசலையே தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே போகக்கூடாது. காய்கறி, பால் எல்லாம் வாட்ச்மேன் தகரத்துக்கு மேலாக நீட்டினார். அந்த வாரத்தில்தான் டெய்லரின் கை எழும்பாமல் நின்றது.

கண்டக்டர் அன்றைக்கு அடுத்த ஸ்டாப்பிங்குக்குப் போனார். இடுப்பு. டெய்லர் இடுப்பை வளைக்கவில்லை, கம்பியில் சாய்ந்துகொண்டார். செக்கிங் வந்தது.

"டெய்லரே, டிக்கெட்?"

டெய்லர் வாயைத் திறந்தார். வார்த்தை குழறி, பாதி வெளியே வந்தது, பாதி உள்ளேயே நின்றது. ஆனால் என்ன சொல்ல வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். எடுத்தாச்சு என்கிறார்.

"என்ன டெய்லரே, வாய்ல நூலை வச்சுக்கிட்டுப் பேசுறீங்களா?"

மறுபடி சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் டெய்லரின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கம்பியைப் பிடித்திருந்த வலது கையும் விட்டது. அப்படியே சுவரோரமாகச் சரிந்து பால்கனித் தரையில் விழுந்தார்.

டெய்லரின் பால்கனிக்குக் கீழ்ப்பாதி முழுக்கச் சுவர். அதனால் மற்ற பால்கனிக்காரர்களுக்கு ஆள் மறைந்ததுதான் தெரிந்தது. நேர் எதிரே, ஒரு மாடி உயரத்திலிருந்து பார்க்கிற கண்டக்டருக்கு மட்டும் முழுசாகத் தெரிந்தது. டெய்லர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வலது கால் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, டெய்லர் விழுந்துட்டாரு! டீச்சர்! டெய்லர் விழுந்துட்டாரு!"

கத்திக்கொண்டே வாசல் கதவுக்கு ஓடினார். பூட்டியிருந்தது. சாவி மகளிடம். ஒருமுறை அவர் சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கிப் போனதிலிருந்து, சாவியை அவள் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவளும் அலுவலக வேலையிலிருந்து எழுந்து ஓடி வந்தாள்.

"சாவியைக் கொடு!"

"எங்கப்பா போறீங்க?"

"டெய்லர் விழுந்து கிடக்குறாரு. கொடும்மா, காலில் வேணா விழறேன்!"

"அங்க தகரம் அடிச்சிருக்கு. உள்ள விடமாட்டாங்க. அப்படியே விட்டாலும் உங்க நெஞ்சுக்கு அந்த நோய் தாங்காதுப்பா." அவள் அழுகிற மாதிரி இருந்தாள், ஆனால் சாவியைப் பொத்திய கையை எடுக்கவில்லை. "நான் வாட்ச்மேனுக்குப் போன் பண்றேன், ஆம்புலன்ஸுக்குப் பண்றேன். நீங்க பால்கனிக்குப் போங்க. அவரு உங்க கண்ணுக்கு மட்டும்தானே தெரியுறாரு? நீங்களும் இங்க வந்து நின்னா அவரை யார் பார்க்குறது?"

பெண்ணா பேயா என்று ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் சொன்னது நியாயம். திரும்பி ஓடினார்.

டீச்சர் அதற்குள் தன் வீட்டிலிருந்து வெளியே வந்து டெய்லர் வீட்டுக் கதவை இடித்துக்கொண்டிருந்தார். ஒரே மாடிதானே, அதற்குத் தடை இல்லை. கண்டக்டரின் போன் அடித்தது, எடுத்தால் டீச்சரின் குரல் மூச்சிரைத்தது.

"கதவு திறக்கலீங்க. உள்தாழ்ப்பாள் போட்டிருக்காரு. பயந்த மனுஷன், எப்பவும் போட்டுத்தான் வச்சிருப்பாரு. ரெண்டு பேர் சேர்ந்து தள்ளியும் அசையல."

"உடைங்க!"

"யாரு உடைக்கிறது? எங்க மாடியில இருக்குறது எல்லாம் எழுபது வயசுக்கு மேல. இளவட்டம் இருக்குற வீட்டுலதான் நோய் வந்து படுத்திருக்காங்க."

மகள் பின்னாலிருந்து சொன்னாள், ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியே போயிருக்கிறதாம், வந்துவிடுமாம், எப்போது என்று சொல்ல முடியாதாம். வாட்ச்மேன் கீழே தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவரும் தனி ஆள், அதுவும் ஆணி அடித்த தகரம்.

டெய்லரின் வலது கால் தேய்ப்பதை நிறுத்தியது.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ஊதினார். நீளமாக ஊதினார். எல்லாப் பால்கனிகளிலும் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

"யாரும் பேசக்கூடாது. ஒரு சத்தம் வரக்கூடாது. அவருக்கு என் குரல் கேக்கணும்."

மனுஷன் அவ்வளவு கத்தி வாழ்ந்தவர், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குரலைத் தாழ்த்தி, ஆனால் தெளிவாகப் பேசினார்.

"டெய்லரே, நான் கண்டக்டர் பேசுறேன். கேக்குதா? கேட்டா வலது கையைத் தூக்குங்க."

கை தூக்கவில்லை. விரல்கள் அசைந்தன.

"போதும், போதும். கேக்குது உங்களுக்கு. நல்லா கேளுங்க. நீங்க வீட்டுக்குள்ள போய்க் கதவைத் திறக்கணும். டீச்சர் அந்தப் பக்கம் நிக்கிறாங்க. இடது பக்கத்தை மறந்துடுங்க, அது இன்னைக்கு வராது. வலது கையும் வலது காலும் போதும். முதல்ல வலப்பக்கமா ஒருக்களிச்சுத் திரும்புங்க."

டெய்லர் திரும்ப முயன்றார். மல்லாந்து விழுந்தார். மறுபடி முயன்றார். கண்டக்டர் தன் பால்கனிக் கம்பியை முறுக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை உடம்பு புரண்டது.

"வந்துட்டீங்க! இப்ப எதிர்ல ரூமுக்குள்ள போற வாசப்படி. அதுல கையை ஊன்றி இழுங்க. காலை உதைங்க. அப்படித்தான். அப்படித்தான் டெய்லரே. அவசரமே இல்ல, வண்டி நிக்குது, ஏறுறவங்க ஏறலாம்."

பழக்க தோஷம், வார்த்தை அப்படித்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. டெய்லர் தலையை வாசப்படிக்கு மேலே கொண்டுபோனார். தோள் போனது. இடுப்பு மாட்டிக்கொண்டது. அங்கேயே முகத்தைத் தரையில் வைத்துக் கிடந்துவிட்டார்.

"தூங்கக்கூடாது! டெய்லரே, தூங்கிடாதீங்க! நீங்க தச்ச மாஸ்க்தான் போட்டிருக்கேன். பூப்போட்டு மானத்தை வாங்கினீங்களே, அதைக் கேக்காம உங்களை விட்டுடுவேனா? எழுந்து வந்து பதில் சொல்லுங்க!"

பக்கத்தில் மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவருக்குத் தெரியாது. டெய்லரின் கால் உதைத்தது. இடுப்பு ஏறியது. பிறகு முழங்கால், பாதம். அவ்வளவுதான், அறை இருட்டாக இருந்தது, ஆள் உள்ளே போனதும் கண்டக்டருக்கும் தெரியவில்லை.

இனிமேல் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். போனில் டீச்சர் கதவோடு காதை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தார். "இழுக்குற சத்தம் வருது... மெஷின் ஸ்டூல் விழுந்துச்சு... நின்னுடுச்சு... இல்ல, வராரு, வராரு... கதவுகிட்ட வந்துட்டாரு, மூச்சு கேக்குது." அப்புறம் ஒரு அழுகை. "கண்டக்டர், தாழ்ப்பாள் மேல இருக்கு. அவரால எழுந்து நிக்க முடியாதே!"

கண்டக்டர் கண்ணை மூடி யோசித்தார். அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். கதவுக்குப் பக்கத்தில் மெஷின். மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்த மரக்கோல், துணி அளக்கிறது.

"கோல் இருக்கும்! மெஷின் பக்கத்துல துணி அளக்குற கோல் இருக்கும். அதை எடுத்துத் தாழ்ப்பாளைத் தட்டச் சொல்லுங்க. படுத்துக்கிட்டே தட்டட்டும்."

டீச்சர் கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னார். பாடம் சொல்லிக் கொடுத்த குரல், ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். மரம் தரையில் விழுகிற சத்தம். பிறகு டக் என்று ஒன்று. தப்பிவிட்டது, கதவில் பட்டது. இன்னொன்று. இரண்டு கட்டிடத்திலும் இத்தனை பேர் இருக்க, அந்த டக் டக்கைத் தவிர வேறு சத்தம் இல்லை. நடுவில் நின்றது. டீச்சர் "டெய்லர், இன்னும் ஒண்ணு, இன்னும் ஒரே ஒண்ணு" என்று கெஞ்சினார். கடைசியில் இரும்பு சரிகிற சத்தம், போனிலேயே கேட்டது.

கதவு திறந்தது. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அப்படிக் கண்டக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது வாட்ச்மேன் தகரத்தைப் பிடுங்கி எறிந்திருந்தார், கையெல்லாம் ரத்தம்.

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததாம். பிரஷர் எகிறித்தான் இப்படி ஆகியிருக்கிறது, உயிருக்கு இனிப் பயமில்லை, இடது கை திரும்ப வருமா வராதா என்று போகப் போகத்தான் தெரியும் என்றார்களாம். தையல்காரனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? கண்டக்டர் அதைக் கேட்கவில்லை, வேறொன்று கேட்டார்.

"தினமும் மாத்திரை போட்டவருக்கு எப்படிங்க பிரஷர் ஏறும்?"

டீச்சர் அந்த வீட்டில் பார்த்ததைச் சொன்னார். "மாத்திரை அட்டை எல்லாம் காலியா இருந்துச்சு. தகரம் அடிக்கறதுக்கு முன்னாலேயே தீர்ந்திருக்கும் போல."

"வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாங்கிக் கொடுத்திருப்பாரே! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"கதவைத் திறந்ததும் அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. வாய் குழறுது, ஆனா எனக்குப் புரிஞ்சுது." டீச்சர் குரல் இறங்கியது. "கண்டக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, எல்லாரும் கேக்க மானம் போயிடும்னு சொன்னாரு."

கண்டக்டர் போனை வைத்தார். சாப்பிடக் கூப்பிட்ட மகளிடம் பசியில்லை என்றார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அதையும் தொடவில்லை. வித்தவுட், வித்தவுட் என்று தன் குரலே காதில் அடித்தது. மானத்துக்கு அஞ்சிச் சாவதற்குத் துணிந்தாரே, என்ன மனுஷன் இவர் என்று டெய்லர்மேல் கோபப்படத்தான் முதலில் பார்த்தார். முடியவில்லை. ஏனென்றால் அதே காரியத்தை இவரும் செய்துகொண்டுதான் இருந்தார்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நாளாகத் தூக்கத்தில் அவருக்குப் படுக்கை நனைந்துவிடுகிறது. இந்த வயதில் வருகிற சங்கடம்தான், வைத்தியம் இருக்கிறது. ஆனால் மகளிடம் எப்படிச் சொல்வது? அவள் எழுவதற்கு முன் தானே விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டு, துணி துவைத்தால் உடம்புக்கு நல்லது என்று அவளிடம் கதை விட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டது அவருக்கு நினைவிருந்தது. இருந்தும் நாக்கு வறண்டு, எழுந்தால் கண்ணை இருட்டுகிற வரைக்கும் குறைத்தார். ஊரையெல்லாம் டிக்கெட் கேட்டவரை, நீ எடுத்தாயா என்று கேட்க ஆளில்லை.

மறுநாள் காலையில் அவர் விசில் ஊதவில்லை. ஊதாமலே எல்லாரும் வந்து நின்றார்கள். டெய்லரின் பால்கனி காலி. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள், என்ன ஸ்டாப்பிங் என்று சொல்வார் என்று. கண்டக்டர் டெய்லரைப் பற்றிய தகவலை மட்டும் சொன்னார். மாத்திரை தீர்ந்திருந்தது என்பதைச் சொல்லவில்லை, அந்த மானம் டெய்லருடையது. பிறகு கேட்டார்.

"இங்க யாருக்காவது மாத்திரை தீர்ந்து போயிருக்கா? இருந்தா சொல்லுங்க. இனிமே நான் சிரிக்கமாட்டேன், யாரையும் சிரிக்கவும் விடமாட்டேன்."

ஒருவர் கீழே பார்த்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். கண்டக்டருக்கு விளங்கிவிட்டது, சொல்லமாட்டார்கள். சத்தமாக எடுத்தாச்சு என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் பழகிவிட்டது, பழக்கினதே இவர்தான். இப்படியே விட்டால் அடுத்து விழுவது யார் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பின்னால் மகள் நிற்கிறாள் என்று தெரியும். ஓடுகிற பஸ்ஸில்கூடக் கம்பியைப் பிடிக்காதவர், இரண்டு கையாலும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வழக்கமான குரலில். "எனக்குக் கொஞ்ச நாளா தூக்கத்துல படுக்கை நனைஞ்சுடுது. என் பொண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு நானே துவைச்சுப் போடறேன். டாக்டர் தண்ணி குடிக்கச் சொன்னாரு, படுக்கை நனைஞ்சுடுமோங்கற பயத்துல குடிக்கறதே இல்ல. நேத்து ஒருநாள் பூரா ஒரு டம்ளர் குடிச்சிருந்தா அதிகம். இத்தனை நாளா உங்களை எல்லாம் அதட்டினேனே, நான்தான் வித்தவுட்."

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். யாராவது சிரிக்கட்டும் என்று காத்திருந்தார். சிரித்தால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கண்டக்டர்." டீச்சரின் குரல். கணீரென்று இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. "எனக்கு சுகர் மாத்திரை தீர்ந்து ரொம்ப நாளாச்சுங்க. நேத்து உங்ககிட்ட போன்ல பேசினப்பவும் வாயைத் திறக்கல நான். வாத்தியாரம்மா, எல்லாருக்கும் முன்னால நின்னு இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அதற்கு மேல் மாடியிலிருந்து ஒரு பெரியவர், கண்ணுக்கு ஊற்றுகிற மருந்து இல்லை, ஒரு கண் மங்கிக்கொண்டு வருகிறது என்றார். கண்டக்டரின் கீழ்வீட்டு அம்மாள், மகன் அனுப்புகிற மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன் என்றார். இன்னொருவர், எனக்கு மாத்திரை இருக்கிறது, போடப் பிடிக்கவில்லை, யாருக்காகப் போட வேண்டும் என்று கேட்டுவிட்டு அழுதார். ஒருத்தர் முடித்தால் அடுத்தவர். தினமும் எடுத்தாச்சு என்று கூவிய அதே வாய்கள். கண்டக்டர் ஒவ்வொருவரையும் பார்த்து, சரி, சொல்லுங்க, அப்புறம் என்றார்.

அன்றைக்குக் கழுத்து, தோள்பட்டை, முழங்கால் எதுவும் நடக்கவில்லை. பேசி முடிப்பதற்குள் வெயில் பால்கனிக்கு ஏறிவிட்டது. கண்டக்டர் திரும்பியபோது மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள், ஆனால் கண் சிவந்திருந்தது. அவர் அவளை நேருக்கு நேர் பார்க்கக் கூசிப்போய், விரிப்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"விரிப்பு கிடக்கட்டும்பா" என்றாள் அவள். "என்கிட்ட சொல்றதைவிட இவங்க எல்லார்கிட்டயும் சொல்றது உங்களுக்கு லேசா இருந்துச்சா?"

அவள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, முழுசாகக் குடித்தார்.